கடன் வாங்கின கவுன்

புத்தூர் ஆஸ்பத்திரியில் என் மூத்தவள் பிறந்தபோது பிரசவம் பார்த்த நர்ஸ் ஓர் ஆங்கிலோ இந்திய மனுஷி. ஊரில் சட்டைக்காரி என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிரசவத்தில் நான் பிழைத்தது பெருமாள் கிருபை, அப்புறம் அவள் கை. இரண்டாவதுக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஆத்துக்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளைத்தான் மலைபோல நம்பியிருந்தேன்.

அப்போது என் ஆத்துக்காரருக்கு ஆபீஸ் நாடகத்தில் பெண் வேஷம். "பட்டணத்து நாகரிகப் பொண்ணு, அவ்வளவுதான். உன் நர்ஸம்மாகிட்ட ஒரு கவுன் கேளேன்" என்றார். மாதா கோயிலுக்குப் போட்டுப் போகிற ரோஸ் கவுனையே மடித்துக் கொடுத்தாள். மரியாதைக்கு அவளையும் நாடகத்துக்கு அழைத்தேன்.

பெண்கள் பக்கம் என்னோடு உட்கார்ந்தாள். அவர் மேடைக்கு வந்ததும், "ஐயோ, என்னைவிட உன் புருஷனுக்குத்தாம்மா நல்லா இருக்கு!" என்று என் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

கதை போகப்போகத்தான் புரிந்தது. பட்டணத்துக்கு வேலைக்குப் போன பையனை மயக்கிக் கெடுக்கிறவளே அந்தக் கவுன்காரி. முகமெல்லாம் வெள்ளைப் பவுடர், வாயில் சிகரெட்டு. அவர் இடுப்பை ஆட்ட ஆட்ட ஆண்கள் பக்கம் விசில். பையனின் அம்மாவாக வந்தவர், "சட்டைக்காரிக்குத் தாலியா வேலியா? இன்னிக்கு நீ, நாளைக்கு எவனோ!" என்றதும் கொட்டகையே கைதட்டியது. முன்வரிசை மாமி ஒருத்தி திரும்பி இவளைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பிற்று. இவளும் கவுனில்தான் வந்திருந்தாள். கைப்பையை இழுத்து முழங்காலை மறைத்துக்கொண்டாள். போயிடலாமா என்று கேட்காமல் நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுனைத் துவைத்து, வெறுமனே கொடுக்கக்கூடாதே என்று வெற்றிலை பாக்கு பழத்தோடு கொண்டுபோனேன். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"கவுனை நீயே வச்சுக்கோம்மா. இதைப் போட்டுட்டு நான் எந்தக் கோயிலுக்குப் போறது?"

"என் பிரசவத்துக்கு..." என்று இழுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"வருவேன். குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு?"

சொன்னபடி வந்தாள். அதே கை, அதே பொறுமை. பிள்ளை பிறந்ததும் அவர் கூடத்தில் காபி டம்ளரை நீட்டினார்.

"வேண்டாம் சார், டைம் ஆச்சு."

எங்கள் ஆத்துக் காபியை அவள் ஒருநாளும் வேண்டாமென்றதில்லை. அவர் டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றார். உள்ளே நான் குழந்தையை அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.