சூரியனில் இருந்த அழுக்கு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஜஹானாவின் ஸ்டூடியோவில் படம் எடுக்காத முகம் அந்த ஊரில் மிகக் குறைவு. "நாடிய நிமித்துங்க, சிரிக்கப்படாது, கண்ணச் சிமிட்டப்படாது" என்று அவள் அதட்டினால் பொலிஸ்காரரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்காருவார். எடுப்பது அவள்; கம்ப்யூட்டரில் துடைப்பது கணவன் அஷ்பாக். பரு, மச்சம், தழும்பு, எது கண்ணில் பட்டாலும் அந்த மனுஷனுக்குக் கை அரிக்கும். அவன் துடைத்த படத்தைப் பார்த்துப் பெண் கேட்டு வந்தவர்கள், நேரில் கண்டு ஒரு கணம் தடுமாறியதும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் ஜஹானாவின் போனில் ஒரு படம் வந்தது. மஞ்சள் சூரியன், அதன் நடுவே குட்டியாக ஒரு கறுப்புப் புள்ளி. "லென்ஸத் துடைக்கத் தெரியாத ஆரோ எடுத்தீக்கான்" என்று முதலில் சிரித்தாள். பிறகு கீழே இருந்ததை வாசித்தாள். அது அழுக்கில்லை, விண்வெளி நிலையம். ஏழு பேர் குடியிருக்கும் வீடு ஒன்று சூரியனுக்குக் குறுக்கே பறந்து போகிறதாம். அதைப் பிடித்தவனும் அவளைப் போல் ஒரு சாதாரண ஆள்தானாம். அவ்வளவுதான், ஜஹானாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

லேசான காரியமா அது? நிலையம் சூரியனைக் கடப்பது அரை வினாடிக்குச் சற்றே கூட. அதுவும் பூமியில் சில கிலோமீற்றர் அகலமான ஒரு கீற்றுக்குள் நிற்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். போனில் ஒரு செயலி இடத்தையும் நேரத்தையும் சொல்லும், மற்றதெல்லாம் அல்லாஹ்வின் கையில். முதல் தடவை பல்லேகல விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் நின்றாள், முகில் மூடியது. இரண்டாம் தடவை புசல்லாவை வீதியோரம் முக்காலியை நட்டாள். சரியான வினாடியில் முன்னால் வந்து நின்ற பஸ், சூரியனையே மறைத்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "அக்கா ஏறுறீங்களா?" என்று வேறு கேட்டான்.

மூன்றாம் தடவை கிடைத்தது! தன் வீட்டு மொட்டை மாடியில், லென்ஸில் கண்ணைக் காக்கும் கறுப்புத் தாளை மாட்டி, பொத்தானை அமத்தினாள். கார்ட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு பகல் தொழுகையான ழுஹர் தொழப் போனாள். திரும்பி வந்தால் சூரியன் வழுவழுவென்று இருந்தது.

"நடுவுல அழுக்கொண்டு ஈந்திச்சி" என்றான் அஷ்பாக், பெருமையோடு. "எல்லாப் படத்திலயும் தொடச்சி சேவ் பண்ணிட்டன். கார்ட்டையும் கழுவிட்டன்."

ஏழு பேரையும் வீட்டோடு துடைத்துவிட்டான் பாவி. ஜஹானா மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. அவனோ பெருநாளைக்குப் புதுச் சாரன் வாங்காமல் அவளுடைய கெமராவுக்கு ஒரு கையடக்க ரிமோட் வாங்கி மேசையில் வைத்தான். அப்புறம்தான் வீட்டில் மறுபடி சத்தம் கேட்டது. ஆனாலும் அந்தப் படம் போனது போனதுதான்.

இந்த பெப்ரவரியில் செயலி மறுபடி கூவியது. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்று ஏழு, நாற்பத்திரண்டாவது வினாடி. கீற்று நேராகக் கட்டுகஸ்தோட்டைக்கு மேலால் போகிறது. ஜஹானா துள்ளிக் குதித்தாள், பிறகு தலையில் கை வைத்தாள். அதே ஞாயிறுதான் அவர்கள் படம் எடுக்க ஒத்துக்கொண்ட மஸாஹிராவின் கலியாணம். ஆற்றங்கரை மண்டபத்தில் ஆண்கள் பக்கம் அஷ்பாக், பெண்கள் பக்கம் ஜஹானா. பெண்கள் பக்கத்துக்கு ஆம்பிளை கெமராக்காரன் போக முடியாது. ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை உள்ளே வந்து தாலி கட்டுவதை எடுக்க அவளை விட்டால் ஆளில்லை.

கணக்குப் போட்டாள். கலியாணக் கார்ட்டில் பத்தரை என்றால் நிக்காஹ் பன்னிரண்டுக்கு. இருபது வருடத்தில் ஒரு கலியாணமும் இந்தக் கணக்கைப் பொய்யாக்கியதில்லை. பதினொன்று ஏழுக்கு நிலையத்தைப் பிடித்துவிட்டு ஒரு கோப்பி குடித்தாலும் நேரம் மிஞ்சும். காலையிலேயே மண்டபத்தின் பின் வளவில் முக்காலியை நட்டு, கறுப்புத் தாள் மாட்டிய நீள லென்ஸைப் பதினொன்று ஏழுக்குச் சூரியன் வரும் இடத்துக்குத் திருப்பி வைத்தாள்.

மாப்பிள்ளையின் வாப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் என்பதை மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. ரயில் பிந்தினாலும் மகன் பிந்தக் கூடாது என்று அந்த மனுஷன் பத்து இருபத்தைந்துக்கே ஊர்வலத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பத்து ஐம்பத்தெட்டுக்கு அஷ்பாக்கின் செய்தி வந்தது: "நிக்காஹ் முடிஞ்சி. இன்னம் பத்து நிமிசத்தில மாப்பிள்ள உள்ளுக்கு வாரார்."

மாப்பிள்ளையும் நிலையமும் ஒரே நேரத்தில் வரப் போகிறார்கள். மணமேடையில் மஸாஹிரா காலையிலிருந்து கன்னத்துப் பருவைத் தடவிக்கொண்டிருந்தாள். "ராத்தா, இத கம்ப்யூட்டர்ல அழிக்கேலும்தானே?"

"பருவ உடுங்க புள்ள" என்று ஜஹானா அவள் காதில் எல்லாவற்றையும் கொட்டினாள். ஏழு பேர், அரை வினாடி, துடைத்த சூரியன், எல்லாம். மணமகளுக்குக் கண் அகன்றது. பயத்தில் உறைந்திருந்த முகம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தது.

"அப்ப பின் வளவுக்குப் போவம் ராத்தா."

கலியாண வீட்டில் மாமியார் சொல்லைத் தட்டினாலும் தட்டுவார்கள், படம் எடுப்பவள் சொல்லைத் தட்டமாட்டார்கள். ஜஹானா கை தட்டினாள். "எல்லாரும் வெளிய வாங்க! உள்ளுக்கு வெளிச்சம் மட்டம்!"

"இந்த வெயில்லயா?" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"வெளிச்சம் நல்லாயீந்தா மருமகள் ரெண்டு மடங்கு அழகு மாமி."

மாமிதான் முதலில் எழுந்தார். எழுபது பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரை வெயிலுக்கு வந்து வரிசை கட்டினார்கள். ஜஹானாவுக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. மணமகளை முக்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, மருதாணிக் கைக்குள் ரிமோட்டைத் திணித்தாள். அந்தக் கெமரா தொடர்ந்து நாலு வினாடிதான் ஓடும், முந்தி அமத்தினால் வீண். "நான் 'இப்ப' எண்டதும் அமத்துங்க. உடப்படாது."

பதினொன்று ஏழு. வினாடி முப்பது. முப்பத்தைந்து. மண்டபத்தின் பின் கதவு திறந்தது. மாப்பிள்ளை ஹில்மி தாலிப் பெட்டியோடு வெயிலுக்குள் வந்தான். வெளிச்சம் கூச, கதிரையில் இடறி, விழாமல் சமாளித்து, வெட்கத்தோடு சிரித்தான். இருபது வருடப் பழக்கம் சும்மா விடுமா? ஜஹானாவின் கண் தானாகக் கையிலிருந்த கலியாணக் கெமராவுக்குள் புகுந்தது. அவன் சிரிப்பு, மணமகள் முகம், அவன் சிரிப்பு. படபடவென்று எடுத்தாள். நிலையமும் இல்லை, சூரியனும் இல்லை, 'இப்ப' என்ற சொல்லும் இல்லை.

நினைவு வந்து போனைப் பார்த்தபோது பதினொன்று எட்டு.

தாலி ஏறியது. பெண்கள் குரவை போட்டார்கள். ஜஹானா சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள், உள்ளே அழுதாள். அடுத்தது எப்போதோ, எந்த ஊருக்கு மேலோ. கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்ததும் மஸாஹிரா அவள் கையைப் பிடித்தாள்.

"ராத்தா, நீங்க சொல்லல்லியே. ஆனா அவரக் கண்டதும் என்ட கை தானா இறுகிட்டு. பிழையா?"

ஜஹானா முக்காலிக்கு ஓடினாள். நாற்பத்திரண்டாவது வினாடி பிறந்தபின்தான் ரிமோட் அமத்தப்பட்டிருந்தது. முதல் இரண்டு படத்தில் மட்டும், சூரியனின் விளிம்பை விட்டு வெளியே போகும் வேளையில், சிறகு விரித்த ஒரு கறுப்புப் புள்ளி. அவள் போட்ட கூச்சலில் சாப்பாட்டு மேசையிலிருந்து பாதிப் பேர் திரும்பி ஓடிவந்தார்கள். மணமகளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். மாமிக்கும் முத்தமிட்டாள்.

அன்று பின்னேரம் ஸ்டூடியோவில் அஷ்பாக் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். ஒரு பக்கம் சூரியன். மறுபக்கம் அதே வினாடியில் ஜஹானா எடுத்த மஸாஹிரா: வாய் திறந்து, கண் விரிந்து, கன்னத்தில் பரு, இறுகிய கைக்குள் ரிமோட்.

"இந்தப் பருவ மட்டும்?" என்று மெல்லக் கேட்டான். ஜஹானா படத்தை மஸாஹிராவுக்கு அனுப்பிக் கேட்டாள். பதில் உடனே வந்தது: "ஈக்கட்டும் ராத்தா. ஒண்டையும் அழிக்காதீங்க."

வானம் பார்ப்பவர்களின் குழுவுக்குப் படத்தை அனுப்ப ஜஹானா உட்கார்ந்தாள். படிவம் எடுத்தவர் பெயரைக் கேட்டது. மூன்று வருடமாக மனதுக்குள் எழுதிப் பார்த்த தன் பெயரை அடித்தாள். பிறகு அழித்துவிட்டு, சிரித்துக்கொண்டே எழுதினாள்: "படம்: மஸாஹிரா. கெமரா: ஜஹானா. கை வைக்காதவர்: அஷ்பாக்."