அவளுக்க குளிகை

வீடுவீடாகப் போய் வயசானவர்களைப் பார்க்கிற நர்ஸ் நான். வெள்ளறடைப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வீடு. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பிரஷர், தினமும் குளிகை; மாத்திரையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவேன். ஆடி மழையில் மாமி இறந்துபோனார். பதினாறு முடிந்ததும் பிள்ளைகள் கல்ஃபுக்குத் திரும்பிவிட்டார்கள். மாமா தனியானார்.

அதற்குப் பிறகுதான் அவர் விழ ஆரம்பித்தார். முதலில் குளியலறை வாசலில். பிறகு கிணற்றடியில், நெற்றி கிழிந்து. படுக்கவைத்துப் பார்த்தால் பிரஷர் குறைவு, எழுப்பி நிறுத்தினால் இன்னும் சரிந்தது. டாக்டர் குளிகையைப் பாதியாக்கினார். அப்படியும் ஏறவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு போகும், இல்லையென்றால் ஆளே போவார். எனக்குத் தூக்கம் கெட்டது.

"குளிகைய ஒழுங்கா எடுக்கீரா?"

"உண்டு மக்கா. உனக்கு எப்பமும் சண்டைதானாக்கும்."

எனக்குப் பொறுமை கம்மி. ஒருநாள் விடிந்ததுமே போய், "காலையில என்னதெல்லாம் செய்வீரோ, எனக்க முன்னால செய்யும்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பாலில்லாமல் கட்டஞ்சாயா போட்டார். ஒரு தம்ளரை மாமியின் படத்துக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில், ஒரு மூடியில், ஒரு குளிகை. அவருடையது அல்ல, மாமி உயிரோடு இருக்கும்போது விழுங்கிக்கொண்டிருந்தது. "குடி, ஆறிப்போவும்" என்று மெல்லச் சொன்னார். உள்ளே யாரோ இருப்பதுபோல எனக்கு முதுகு சிலிர்த்தது. கொஞ்சம் பொறுத்து, படைத்த சாயாவை அவரே குடித்தார். படைத்த குளிகையையும் விழுங்கினார். பிறகு தன்னுடையதை எடுத்தார்.

"அய்யோ மாமா! அது என்னத்துக்கு?"

"படைச்சத வெளிய எறியப்பிடாதுல்லா."

"உமக்குப் பிராந்தா, பைத்தியமா? அந்தக் குளிகையாக்கும் உம்மைத் தள்ளிப்போடுது! சாயா மட்டும் வையும்." மாமியின் குளிகை அட்டைகளைப் பிடுங்கப் போனேன். அவர் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்கல்லேண்ணா அவளுக்குப் பிரஷர் கூடிப்போவும் மக்கா. அவ போன அண்ணைக்கு எடுத்துக்குடுக்க மறந்துட்டேன். ஒரே ஒரு நாள்."

செத்தவர்களுக்கு ஏது பிரஷர் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஒருநாள் விட்டதால் வந்த சாவு அல்ல அது என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

"எனக்கிட்ட சொல்லாத. அவகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா, நர்சு சொன்னா கேப்பா. உரக்கச் சொல்லு, அவளுக்குக் காது கேக்காது."

படத்தின் முன்னால் போய் நின்றேன். பயமாகத்தான் இருந்தது.

"மாமி! உங்களுக்க பிரஷர் எல்லாம் மாறியாச்சு. இனி குளிகை வேண்டாம். மாமா மறந்ததுனால உங்களுக்கு ஒண்ணும் வரல்ல!"

வெறிச்சோடிய வீட்டில் என் சத்தம் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மாமா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அட்டைகளை என்னிடம் நீட்டினார். மாமி இறந்த அன்றைக்குக்கூட அழாத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். விழுந்துவிடக் கூடாதே என்று நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.