பட்டன் என்கிற முக்கால் நாய்

பிளவுஸ் தைக்கிறவளுக்கு வாரத்தில் இரண்டே நாள்தான்: துணி வாங்கும் நாள், "இன்னுமா ஆகல?" என்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் நாள்.

நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், எங்கள் டவுன்ஹவுஸின் பேஸ்மென்ட்டில் இரண்டு மெஷின், ஒரு அயர்ன் பாக்ஸ், ஒரு நிலைக்கண்ணாடியோடு ஆறு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். வீட்டிலேயே கடை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தட்டில் சோறு போட்டதும்தான் காலிங் பெல் அடிக்கும். இந்தக் கஷ்டமெல்லாம் நம் எல்லோருக்கும் பொது. உங்களிடம் இல்லாத ஒன்று மட்டும் என்னிடம் உண்டு. என் மெஷின் பெடலுக்குப் பக்கத்தில் ஓர் ஓநாய் படுத்திருக்கும்.

முழு ஓநாய் இல்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் என் கதை. எனக்கு வலிப்பு உண்டு. முப்பத்தெட்டு வயதில், ஆபீஸ் மீட்டிங்கின் நடுவில் வந்தது. கார் ஓட்டக் கூடாது என்றார்கள். கார் ஓட்டாமல் இந்த ஊரில் என்ன வேலைக்குப் போவது? கல்யாணத்துக்கு முன்னால் கோபிசெட்டிபாளையத்தில் பொழுது போகாமல் கற்ற டெய்லரிங் கைகொடுத்தது. கஸ்டமர்களிடம் "லோ பிரஷர்" என்று சொல்லிவைத்தேன். பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை நம்மவர்கள் மத்தியில் சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

விழுங்கியவன்

ஒரு நாய்க் காப்பகத்திலிருந்து என் மகள் யாழினிதான் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஹஸ்கி மிக்ஸ்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு உள்ளங்கையில் அடங்கினான். வந்த அன்றே என் டப்பாவிலிருந்து ஒரு கோட் பட்டனை விழுங்கிவிட்டான். வீடே அலறியது. மறுநாள் அது பத்திரமாக வெளியே வந்தது, அவனுக்கு அதுவே பெயராகவும் ஆனது.

பட்டன் வளர்ந்தான். வளர்ந்துகொண்டே இருந்தான். கால்கள் நீண்டன, கண்கள் மஞ்சளாயின. குரைக்கவே மாட்டான். விருந்தாளி வந்தால் மூலையில் நின்று பார்ப்பான், அவ்வளவுதான். வால் ஆட்டுவதெல்லாம் வீட்டு ஆட்களுக்கு மட்டும். பயிற்சிக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி இரண்டு வாரம் அவனோடு மல்லுக்கட்டிவிட்டுச் சொன்னார்: "மற்ற நாய்கள் பிஸ்கெட்டுக்கு வேலை செய்யும். இவன் முதலில் தனக்குள் ஒரு மீட்டிங் போடுகிறான்."

பெடலில் இருந்த கால்

அவனுக்கு ஒரு வயது இருக்கும். நான் கழுத்துக்குப் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தேன். வந்து என் வலது காலை மூக்கால் தள்ளினான். "போடா" என்றேன். மறுபடி தள்ளினான். மூன்றாம் முறை பாதத்தைப் பெடலிலிருந்து இறக்கி, அதன் மேல் தன் முழு உடம்பையும் சாய்த்துப் படுத்துக்கொண்டான். திட்டலாம் என்று குனிந்தபோது பால் தீய்ந்த வாசனை வந்தது. எனக்கு வலிப்பு வருவதற்கு முன் அந்த வாசனை வரும். அடுப்பில் பால் இல்லை. சட்டென்று தரையில் படுத்துவிட்டேன்.

இப்படி நாலு முறை நடந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. எனக்குத் தெரிவதற்குச் சில நிமிஷம் முன்பே அவனுக்குத் தெரிகிறது. எப்படி என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு முறையாகப் பழக்கி, நோயாளிக்கு உதவும் நாய் என்று தெரிய சர்வீஸ் டாக் என்று எழுதிய சிவப்பு அங்கியும் மாட்டினோம். அவன் வருவதற்கு முன் என் இடது கையில் அயர்ன் பாக்ஸ் போட்ட தழும்பு ஒன்று, நகத்தில் ஊசி இறங்கிய அடையாளம் ஒன்று. அவன் வந்த பின் ஒரு கீறல் இல்லை. என் கணவர் சிவா அதிகம் பேச மாட்டார். விஷயம் உறைத்த அன்றைக்குப் பட்டனின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கல்யாணமாகி பதினெட்டு வருஷம் ஆச்சு கோதை. உனக்குக் கோபம் வரப்போவுதுன்னுகூட எனக்கு முன்னாடி தெரிஞ்சதில்ல."

மூன்று விசில்

குரைக்க மாட்டானே தவிர, ஊளையிடுவான். நிலாவைப் பார்த்து இல்லை, குக்கரைப் பார்த்து. மேலே கிச்சனில் ஒரு விசில் வந்தால் கீழே இவன் கழுத்தை நிமிர்த்தி ஒன்று விடுவான். பேஸ்மென்ட்டில் மெஷின் ஓட்டத்தில் எனக்கு விசில் கேட்காது, இவன் கேட்கும். மூன்றாவது ஊளைக்கு மேலே போய் அடுப்பை அணைப்பேன். அவன் வந்த பிறகு எங்கள் வீட்டில் சோறு குழைந்ததே இல்லை.

ஒரு நாள் எடிசனிலிருந்து ஒரு கஸ்டமர் போனில் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கம்போல எல்லா அளவிலும் ஓர் அங்குலம் குறைத்துத்தான் சொன்னார். அந்த நேரம் பார்த்து இவன் நீளமாக ஒன்று விட்டான். அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் வந்தது: "சரி அக்கா, இடுப்பு முப்பத்தெட்டுன்னே போட்டுக்கோங்க."

வெண்டைக்காய் பக்கத்தில்

இந்தியன் ஸ்டோருக்கு அவனை அங்கியோடு அழைத்துப் போவேன். கூட்டம் தானாக விலகும், அது ஒரு வசதி. ஒரு நாள் ஒரு பெரியவர் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டன் அவரை இமைக்காமல் பார்த்தான். ஒடிப்பதும் பார்ப்பதுமாக ஐந்து நிமிஷம் போனது. கடைசியில் அவர் ஒடித்ததையெல்லாம் தன் பையிலேயே போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "என் பழைய மேனேஜர் இப்பிடித்தாம்மா பாப்பான்."

ரிசல்ட் வந்தாச்சு

யாழினி பள்ளிக்கூடப் பிராஜெக்ட்டுக்காகப் பட்டனின் எச்சிலை எடுத்து மரபணு சோதனைக்கு அனுப்பினாள். பதில் வந்தது: முக்கால் பங்கு ஹஸ்கியும் ஷெப்பர்டும். கால் பங்கு ஓநாய்.

இந்த இடத்தில் வேறு எந்த இனத்துக்காரராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். நமக்குத்தான் ரிசல்ட் என்று ஒன்று வந்துவிட்டால் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதே. காலேஜுக்கான எஸ்.ஏ.டி மார்க், கிரீன் கார்டு அப்ரூவல், கொலஸ்ட்ரால் குறைந்தது என்று எல்லாமே வாட்ஸப்பில் போகும். சிவாவும் அந்தப் பழக்கத்தில் எங்கள் ஏரியா தமிழ்க் குடும்பங்கள் குரூப்பில் "பட்டன் ரிசல்ட் வந்தாச்சு" என்று ரிப்போர்ட்டை அப்படியே போட்டுவிட்டார். நாற்பது கட்டைவிரல் வந்தது. மூன்றாவது வீட்டு அங்கிள் மட்டும் எழுதியே கேட்டார்: "கங்கிராட்ஸ். மீதி முக்கால் எந்த ஊர்?"

கடிதம்

அடுத்த வாரம் கடிதம் வந்தது. எங்கள் குடியிருப்பின் சங்கத்திலிருந்து. ஹெச்.ஓ.ஏ என்றால் இங்கே குழந்தைக்கும் தெரியும், வாசலில் எந்த நிறப் பூந்தொட்டி வைக்கலாம் என்று சொல்கிறவர்கள். காட்டு விலங்கின் கலப்பு வளர்ப்பது விதிக்கு விரோதம், புகார் வந்திருக்கிறது, வியாழக்கிழமை கூட்டத்தில் வந்து விளக்கம் சொல்லவும், இல்லையென்றால் அப்புறப்படுத்தவும். அப்புறப்படுத்தவும் என்ற அந்த ஒரு சொல்லை நான் எத்தனை முறை படித்தேனோ தெரியாது. கால் ஓநாயைச் சாதாரணக் காப்பகத்தில் எடுக்க மாட்டார்கள். வேறு மாநிலத்தில், வேலிக்குள் விட்டுவிடுவார்கள். என் பாதத்தின் மேல் தலை வைத்தால்தான் தூங்குகிறவன் அங்கே என்ன செய்வான்? அவன் இல்லாமல் அயர்ன் பாக்ஸின் முன்னால் நான் எப்படி நிற்பேன்?

புகார் கொடுத்தது யார் என்று கடிதத்தில் இல்லை. சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு வசந்தி. என் கஸ்டமர்தான். நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது அவளுக்கு. சிவப்பு அங்கியை யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் வாங்கலாம், லோ பிரஷருக்கு யாராவது ஓநாய் வளர்ப்பார்களா என்று கேட்டாளாம். பொய் சொன்னது நான், அவளை எப்படிக் கோபித்துக்கொள்வது? வக்கீலிடம் கேட்டோம். சர்வீஸ் டாக் என்றால் சட்டம் துணைக்கு வரும், ஓநாய்க் கலப்பு என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது, எதற்கும் வியாதியைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

சிவா தன் போனைத் தொடவே இல்லை, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. நான் யாழினியைப் பார்த்தேன். பதினாறு வயது. நான் என்ன யோசிக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "ஜஸ்ட் டெல் தெம், அம்மா. ஐ டோன்ட் கேர் ஹூ மேரீஸ் மீ."

புகார் வேறு, பிளவுஸ் வேறு

புதன்கிழமை மதியம் வசந்தி வந்து நின்றாள். சனிக்கிழமை அவள் தங்கைக்கு வளைகாப்பு. புகார் கொடுப்பதற்கு முன்பே கொடுத்துவைத்த பட்டு பிளவுஸ் ஒன்று என்னிடம் இருந்தது. அவளும் ஒன்றும் நடக்காததுபோல் சிரித்தாள், நானும் சிரித்தேன். போட்டுப் பார்த்தாள். பிளவுஸ் கை இறுக்கிப் பிடித்தது. "அத மாடில கட்டிட்டு வாங்களேன் அக்கா" என்றாள். "அவன் டியூட்டியில இருக்கான்" என்றேன். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். நான் கையை அரை அங்குலம் தளர்த்த உட்கார்ந்தேன். பெடலில் கால் வைத்ததும் மூக்கு வந்தது.

"வசந்தி, பயப்படாதீங்க, நான் கொஞ்சம் படுக்கணும்" என்று மட்டும் சொல்ல நேரம் இருந்தது.

கண் விழித்தபோது பட்டன் என் வலது கையின் மேல் முழுசாகப் படுத்திருந்தான். வசந்தி தன் பழைய பிளவுஸோடு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் கை அவன் முதுகில் இருந்தது. மேஜையில் இருந்த என் பெரிய கத்தரிக்கோல் எப்படியோ மாடிப்படியின் கீழே கிடந்தது. அது ஏன் அங்கே போனது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவள்தான் கேட்டாள்: "பிரஷர்னு ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

வியாழக்கிழமை

கிளப் ஹவுஸில் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் என்னிடம் பிளவுஸ் தைத்தவர்கள். பட்டன் என் நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொண்டான். நான் எழுந்து, எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில். பிறகு நம்மவர்களைப் பார்த்துத் தமிழிலும் ஒரு முறை சொன்னேன். ஆனாலும் தலைவர், ரிட்டயரான ஓர் அமெரிக்கர், தயங்கினார். "ஆபத்து என்று வந்தால் இந்த விலங்கு எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்று பின்வரிசையில் வசந்தி எழுந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், குரல் மட்டும் உடைந்து உடைந்து வந்தது. புகார் கொடுத்தது நான்தான் என்றாள். நேற்று இவர் என் கண் முன்னால் விழுந்தார், எனக்குக் கை கால் ஓடவில்லை, நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இவரை நோக்கி ஓடினேன் என்றாள். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எதற்குக் கத்தரிக்கோல்?" என்றார்.

ஹாலில் பாதிப் பேர் முழித்தார்கள். மீதிப் பாதி, நம்மவர்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று நம் எல்லோர் காதிலும் எவரோ போட்டுவைத்ததுதானே. ஒன்றும் கொடுக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருந்தால் போதும். அது அவளுக்கு எப்படித் தெரியும்? கார் சாவியைத்தான் முதலில் தேடினாளாம். இந்தக் காலத்துக் கார் சாவி முழுக்க பிளாஸ்டிக். கைக்கு அகப்பட்ட இரும்பு அதுதான்.

"மூன்று முறை கிட்டே போனேன்" என்றாள். "மூன்று முறையும் அவன் இவர் கையின் மேல் படுத்துக்கொண்டான். உறுமவில்லை. பல்லைக் காட்டவில்லை. என் கையில் கத்தரிக்கோல் இருந்தது, அவன் என்னைக் கடித்திருந்தால் நியாயம். கடிக்கவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்த பிறகுதான் தலையைக் கீழே வைத்தான்."

நான் அழுதுவிட்டேன். சிவாவும்தான், ஒத்துக்கொள்ள மாட்டார். வெளியே போகும்போது கயிறு கட்டாயம், டாக்டர் கடிதம் ஒன்று ஃபைலில் வேண்டும், பட்டன் இருக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். கலையும்போது வசந்தி என்னிடம் வந்தாள். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறாள் என்று நானும் கையைப் பிடித்தேன். காதருகில் வந்து, இந்த முறை தமிழில் சொன்னாள்: "எல்லாம் சரிக்கா, ஆனா பட்டு பிளவுஸ் பூரா அவன் முடி, சனிக்கிழமைக்குள்ள எடுத்துக் குடுத்துடுங்க."

இப்போது என் கஸ்டமர்களுக்கு என் வியாதியும் தெரியும், என் நாயின் வம்சமும் தெரியும். சனிக்கிழமை ஃபங்ஷனுக்கு வெள்ளிக்கிழமை துணி கொண்டுவரக் கூடாது என்பது மட்டும் இன்னும் யாருக்கும் தெரியவில்லை.