தலை எண்ணும் ஓவியா

வைஃபை பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஓவியா தலைகளை எண்ணுவாள். செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் விடுதி அது. அலுவலக அறைக்குள் நுழைந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் சமையலறை, மாடி, பின்கட்டு என்று ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். வேலையாட்கள் பதினான்கு பேர். மேலாளர் குமரேசன் நீட்டிய ஊழியர் பட்டியலில் பதினொன்று. அவள் தாளைப் பேனாவால் இரண்டு முறை தட்டினாள்.

தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பெண், வயது இருபத்தாறு. கேபிள் சுருளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போய் வைஃபை அமைத்துக் கொடுப்பது தொழில். "பையன் வரலியாம்மா?" என்று கேட்பவர்களுக்கு எப்போதும் ஒரே பதில்: "நான்தாங்க அந்தப் பையன்."

இந்த ஊரிடம் அவளுக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. மருந்துக்கடை, வக்கீல் அலுவலகம், லாட்ஜ், எங்கே போனாலும் மலையின் பெயர்தான் பாஸ்வேர்டு. "சாமி பேர வச்சா சாமியே காவல் காக்கும்னு நெனைக்கிறாங்க. கிரிவலம் வர்ற லட்சம் பேருக்கும் தெரிஞ்ச பேருங்க அது!" இங்கேயும் அதே பெயர்தான். போன மாதம் தங்கியிருந்த ஒருவரின் கைப்பேசியில் மற்றவர்களின் பாஸ்போர்ட் நகல்கள் திறந்துகொண்டன. அதன்பிறகுதான் விருந்தினருக்கு ஒரு வைஃபை, ஊழியருக்கு ஒரு வைஃபை என்று பிரிக்கச் சொல்லி அவளை அழைத்திருந்தார்கள்.

"பெட்டிய ஈசானிய மூலையில வைம்மா," என்றார் குமரேசன்.

"சிக்னலுக்கு மூலை தெரியாது சார். சுவர்தான் தெரியும்." நடுச்சுவரில் துளை போட்டாள்.

மேசையின் ஒரு கால் குட்டை. ஒவ்வொரு எழுத்துக்கும் மடிக்கணினி ஆடியது. விருந்தினருக்கு இணையம் மட்டும். ஊழியருக்கு அச்சு இயந்திரம், முன்பதிவு, இந்த இணைப்பில் மட்டும் கைப்பேசியிலேயே வருகை பதியும் செயலி. பாஸ்போர்ட் இருக்கும் கணினிக்குத் தனிப்பூட்டு. பதினொரு கைப்பேசிகளைச் சேர்த்ததும் நிமிர்ந்தாள்.

"கூட்டுற ரெண்டு பேரு, தோட்டக்காரரு? பட்டியல்ல காணமே."

"அவங்கள கெஸ்ட்ல போட்டுவுடும்மா."

"கெஸ்ட்ல போட்டா வருகை பதியாதுங்க. வந்தாலும் வராதவங்கதான்."

"முன்ன மாதிரி நான் நோட்டுல எழுதிக்கிறேன்."

தரை துடைத்துக்கொண்டிருந்த சந்திரம்மாள் குச்சியை நிறுத்தினாள். "நீங்க எழுதுன லட்சணந்தான் தெரியுமே சார். ஆடி மாசம் நாலு நாளு இங்கதான் குனிஞ்சு நிமிந்தேன். வரலனு போட்டீங்க. போன்ல நாங்களே அமுக்குறதுனு வந்தப்புறந்தான் என் நாளு என் கையில இருக்குது."

மனிதரைத் தள்ளிவைக்க இந்த நாட்டில் எப்போதும் ஒரு சுவர் கிடைத்துவிடும். இப்போது அதற்குச் செங்கல்கூட வேண்டாம். நாலு சொடுக்குப் போதும். ஆனால் அந்தச் சொடுக்கைப் போட வேண்டிய விரல் ஓவியாவுடையது. அவள் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஸ்டாஃபுக்கான வேகமான வைஃபை குடுத்தா வீடியோ பாத்துக்கினு உக்காந்துடுவாங்கம்மா. ஜாஸ்தி பேசாம சொன்னதச் செய். இல்லாட்டி வேற ஆளக் கூப்புட்டுக்கிறேன்," என்றார் குமரேசன்.

ஓவியா மடிக்கணினியை மூடினாள். "கூப்புடுங்க. நாளன்னிக்குப் பௌர்ணமி. இந்த வேலை தெரிஞ்ச மத்த ரெண்டு பேரும் லாட்ஜு லாட்ஜா ஏறி எறங்கிக்கினு இருக்காங்க. வீடியோதான் கவலைனா மூடிடலாம். பதினாலு பேருக்கும் மூடணும். உங்களுக்கும் சேத்து."

சந்திரம்மாள் வாளியைப் பார்த்துச் சிரித்தாள். குமரேசன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பௌர்ணமிக்கு ஓர் அறைகூடக் காலியில்லை.

"போட்டுத் தொலை."

ஓவியா வெள்ளைத் தாள் ஒன்றில் முதல் வரியில் 'சந்திரம்மாள்' என்று எழுதினாள். அதன் கீழே மற்ற பதின்மூன்று பெயர்கள். சந்திரம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடி கீறிய கைப்பேசியை நீட்டினாள். இணைத்துக் கொடுத்ததும் தானே அமுக்கினாள். அன்றைய நாள் பச்சையில் பதிந்தது.

பதினொரு பேர் கொண்ட பட்டியல் மேசைமேல் கிடந்தது. ஓவியா அதை நாலாக மடித்தாள். குனிந்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினாள்.