வெங்கடம்மா வீட்டுப் புது பிரஷ்

கார்வேட்டிநகரம் தரணி திருப்பதியில் பல் மருத்துவம் முடித்தவள். குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்புக்கு வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு மனுப் போட்டபோது, அது ஆராய்ச்சி அனுபவம் கேட்டது. பிள்ளைகளின் பல் தேய்க்கும் பழக்கத்தை ஆராய, முன்கூட்டியே தகவல் சொல்லி, படிவங்களோடு கங்காதர நெல்லூர்ப் பக்கம் வீடு வீடாகப் போனாள்.

"தினமும் பிள்ளைங்க பல்லு தேய்க்குதுங்களா?"

நூறு வீட்டிலும் ஆமாம்தான். ஆனால் பிள்ளைகளின் வாயில் பாதிப் பல் சொத்தை. நூறாவது வீட்டில் சந்தேகம் வந்து, பிரஷ்ஷைக் காட்டச் சொன்னாள். கொண்டுவந்து காட்டிய நான்கு பிரஷ்ஷும் உறை பிரிக்காதவை.

"டாக்டரம்மா வர்றாங்கன்னு நேத்து சொன்னாங்க. வெறுங்கையோட நின்னா மரியாதையா? அதான் வாங்கினு வந்தோம்" என்றாள் வீட்டுக்காரி வெங்கடம்மா.

"பழைய பிரஷ் எங்க?"

"பழசு இருந்தா புதுசு எதுக்கும்மா?"

எல்லா வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லித்தானே போனாள்; நூறு படிவங்களும் வீண். தரணி மறுபடி, சொல்லாமல் போய் எல்லாவற்றையும் எழுதினாள்.

நேர்காணலில் மூன்று பேராசிரியர்கள். ஆய்வில் என்ன கற்றீர்கள் என்றார்கள். முதல் நூறு படிவங்கள் ஏன் பொய்யாயின என்பதை அவள் ஒளிக்காமல் சொன்னாள். சிரித்தார்கள், பத்து நிமிடப் பேச்சு நாற்பதானது. அடுத்த வாரம் இடம் கிடைத்தது.

"மார்க்கு கேக்கலையா?" என்றார் அப்பா.

"இல்ல நைனா. தப்பைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்டாங்க."