பழிவாங்கும் சம்மனசின் விதிகள்

எங்கள் கரையில் தேவதூதர் என்று யாரும் சொல்வதில்லை, சம்மனசுதான். அண்ணனின் கூட்டாளி துபாயில் அறைத்தோழர்களிடம் கற்றுவந்த ஒரு விளையாட்டில் நான் எடுத்தது பழிவாங்கும் சம்மனசு வேடம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில் மூவரும் உட்காருவோம்.

"ஏட்டி, ஒனக்கு ஏத்த வேஷந்தான். ஒரு மீன்துண்டுக்கு ஒரு வருசம் மொகந்திருப்புறவ நீ" என்பான் அண்ணன். பொய்யில்லை. எனக்கு மறதி குறைவு, கோபம் கூடுதல்.

அந்தச் சம்மனசுக்கு விதிகள் உண்டு. காரணம் கேட்காமல் வாளெடுக்கக் கூடாது. தன் வாயால் குற்றத்தை ஒப்புக்கொண்டவனை வெட்டக் கூடாது. அவன் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லவும் கூடாது. மீறினால் சிறகு உதிர்ந்து வெறும் மனுஷியாகிவிடுவேன். போலீஸ்காரனுக்கே இல்லாத சட்டமெல்லாம் எனக்கு எதற்கு என்று சண்டை போட்டேன். கதை நடத்தும் கூட்டாளி அசையவில்லை.

அவரும் அண்ணனும் ஒரே வள்ளத்தில்தான் மீன்பிடித் தொழிலுக்குப் போனார்கள். ஒரு ராத்திரி, வலைவிரித்துக் கிடந்த வள்ளத்தை ஏதோ ஒரு சரக்குக் கப்பல் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கூட்டாளியை வேறு வள்ளக்காரர்கள் தூக்கினார்கள். அண்ணன் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாமலே அவனுக்குப் பூசை வைத்தோம். அது எந்த நாட்டுக் கப்பல் என்றுகூடத் தெரியவில்லை. கோபப்படக்கூட எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

கூட்டாளி தினமும் வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சோறு போட்ட பிறகுதான் அம்மா சாப்பிடுவாள்.

ஒரு மத்தியானம் நான் பகடையை எடுத்து அவர்முன் வைத்தேன். "கதையில ஒரு கப்பல் வேணும். கேப்டனும் வேணும்" என்றேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். நான் விடவில்லை. கடைசியில் கப்பலைக் கொண்டுவந்தார். என் சம்மனசு மேல்தளத்தில் இறங்கி, விதிப்படி கேட்டது: "எனக்க அண்ணன எதுக்குக் கொன்ன?"

கேப்டனாக அவர் பதில் சொன்னார். "ஒங்க வள்ளத்துல வெளிச்சம் இல்ல. நான் பாக்கல்ல."

"பொய். வல கெடக்கும்ப ஒரு ஆளு முழிச்சிருந்து கப்பலுக்கு டார்ச் அடிக்கும்."

அவர் தலை குனிந்தது. கேப்டனின் குரல் போய், சொந்தக் குரல் வந்தது. "முழிச்சிருக்க வேண்டியது நான்தான், ஏட்டி. அவன ஒறங்கச் சொல்லிட்டு நானும் கண்ணசந்துட்டேன். டார்ச்சு எனக்க மடியில கெடந்துது."

பிறகு, "உருட்டு. என்ன வெட்டு" என்றார்.

பகடையை உருட்டாமல் கைக்குள் இறுக்கினேன். சிறகும் சட்டமும் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? கூச்சல் போட்டு ஊரைக் கூட்டத்தான் வாயெடுத்தேன். அப்போது அடுக்களையிலிருந்து அம்மா, "மக்கா, ரெண்டுபேரும் சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் எழுந்து, வாசல் வழியே போய்விட்டார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. அம்மா சோற்றைத் தொடவில்லை. "அந்தப் பிள்ளைய நீ ஏதாவது சொன்னியா?" என்று என்னையே நச்சரித்தாள். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனாள். ஒரு மகனைக் கடலில் விட்டவள். இருக்கிற இன்னொருவனையும் நான் அவளிடமிருந்து பறிப்பதா?

நான் அவர் வீட்டுக்குப் போனேன்.

"அம்மா சோறு தின்னாம கெடக்கா. வாங்க."

"அம்மாட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல்ல. சொல்லவும் மாட்டேன்."

"அப்ப, என்ன மன்னிச்சிட்டியா?"

"இல்ல" என்றேன். அது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை. கப்பல்காரனையும் மன்னிக்கவில்லை, இவரையும் மன்னிக்கவில்லை.

அவர் என் பின்னாலேயே வந்தார். அம்மா சோறு வைத்து, அவர் தலையைத் தடவி, "ஒன்னையாவது மாதா எனக்குத் திருப்பித் தந்தாளே மக்கா" என்று அழுதாள். அவர் சோற்றில் கைவைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் குழம்பை ஊற்றினேன்.