டார்ச்சுக்கு வராத லார்வா

என் தங்கையின் கணவர் துபாயில் சம்பாதித்ததை எல்லாம் போட்டு, கிள்ளையில் இறால் குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார். சிதம்பரத்தில் கடல் உயிரியல் படித்த என்னிடம் தொட்டிகளை ஒப்படைத்தார்.

லார்வா என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டார். லத்தீனில் பேய்க்கும் முகமூடிக்கும் அந்தப் பெயர் உண்டு. வளர்ந்த உருவத்தை முகமூடிபோல் மறைக்கும் பருவம் என்பதால் முதலில் பூச்சிப் புழுவுக்கு வைத்தார்கள், பிறகு இறால் குஞ்சுக்கும் வந்தது என்றேன்.

"உள்ள இறால் இருக்குல்ல மச்சான், அது போதும்" என்றார்.

தார்ப்பாய் போட்டு இருட்டாக்கிய கொட்டகையில் தினமும் காலையில் தொட்டிக்குள் டார்ச் அடிப்போம். நல்ல லார்வா வெளிச்சத்தைத் தேடித் திரண்டு வரும். அன்று ஒன்றுகூட வரவில்லை. வெளிச்சம் நேராக அடிவரை போயிற்று. அங்கே லார்வாக்கள் செத்து வெள்ளைப் பொடியாகப் படிந்து கிடந்தன. முகமூடியைக் கழற்றாமலே எல்லாம் முடிந்துவிட்டது. பெயருக்கு விளக்கம் சொல்லத்தான் படித்தேனா என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் டார்ச்சை உள்ளங்கையில் தட்டினார்.

"பேட்டரி வீக்கா இருக்கு மச்சான். பெரிய லைட்டா எடுத்தாறேன், அதுக்கு வரும்" என்று வெளியே ஓடினார்.